ஆப்ஷனில் கொடுத்த பூச்சியத்தை ஸ்கிரிப்ட் எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும்?

புறக்கோட்டை நிரலர்:
ஏற்றுமதி நிறுவனமொன்றின் விலைப்பட்டியல்களைத் தயாரிக்கும் பைதன் ஸ்கிரிப்டைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இலங்கையில் உள்ளூர் விற்பனைக்கு வற் (பெறுமதி சேர்) வரி 18 வீதம். ஏற்றுமதிக்குப் பூச்சிய வீதம். வரிவீத ஆப்ஷனில் (ஸ்கிரிப்டை ஓட்டும் கட்டளையில் தரும் தெரிவில்) 0 என்று தெளிவாகக் கொடுத்தாலும், இயல்புப் பெறுமதியை 'ஓர்' (or, அதாவது 'அல்லது') கொண்டு நிரப்பியிருப்பதால், பைதன் முழுவெண் பூச்சியத்தைப் பொய்யாகக் கொண்டு 18ஐ இட்டுவிடுகிறது. ஆப்ஷன் தரப்படாதபோது கிடைக்கும் 'நன்' (None, பெறுமதி இல்லை என்னும் குறி) ஒன்றை மட்டுமே சோதிக்க வேண்டும். பயனர் தந்த பூச்சியத்தில் ஸ்கிரிப்ட் கைவைக்கக் கூடாது.

வெள்ளவத்தை நிர்வாகி:
இதைப் பொதுவிதியாக ஏற்க மாட்டேன். பழைய பேக்கப்புகளை எத்தனை நாள் வைத்திருப்பது என்று கேட்கும் ஸ்கிரிப்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாஷ் (லினக்ஸில் கட்டளைகளை ஓட்டும் மொழி) கணக்கீட்டில், பெறுமதி வைக்கப்படாத மாறி பூச்சியமாகிவிடும். அப்படி யாருமே தட்டச்சு செய்யாத பூச்சியம் குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே ஓட்டும் கிரொன் வழியாக வந்து சேர்ந்தால், அதற்குக் கீழ்ப்படியும் ஸ்கிரிப்ட் எல்லாப் பேக்கப்புகளையும் அழித்துவிடும். அங்கே 7 நாளுக்குத் திரும்புவதே பாதுகாப்பு.

புறக்கோட்டை நிரலர்:
ஆபத்து உண்மைதான், ஆனால் சொல்லாமல் 7 ஆக்குவது அதற்கு மருந்தல்ல. பிழைச்செய்தி தந்து ஸ்கிரிப்ட் நின்றுவிடட்டும். அழைக்கும் பாஷ் ஸ்கிரிப்டில் 'செட் -யூ' (set -u) இருந்தால், பெறுமதி வைக்கப்படாத மாறி அங்கேயே பிழையாகப் பிடிபட்டிருக்கும். பூச்சியம் பொருளுள்ள இடங்களும் பல: 'டெயில் -என் 0 -எஃப்' (tail -n 0 -f) கோப்பின் பழைய வரிகளை விட்டுப் புதியவற்றை மட்டும் காட்டும், குனூ 'எக்ஸ்ஆர்க்ஸ் -பி 0' (xargs -P 0) இயன்ற அளவு செயல்களை ஒரே வேளையில் ஓட்டும், 'டைம்அவுட் 0' (timeout 0) கால வரம்பையே நீக்கும்.

கொட்டாஞ்சேனை வாசகர்:
பேர்ல் (Perl) மொழியில் இது இன்னும் மோசம். '0' என்ற சரம் பொய், '0.0' மெய், ஆகவே இரட்டைச் செங்கோடு (||, அங்குள்ள 'அல்லது') கொண்டு இயல்புப் பெறுமதி வைத்தால், ஒரே வரிவீதத்தை இரு விதமாக எழுதுபவர்களுக்கு இரு விடைகள் கிடைக்கும். வரையறுக்கப்பட்டதா என்பதை மட்டும் பார்க்கும் இரட்டைச் சாய்கோடு (//) 2007இல் வந்த 5.10 பதிப்பிலிருந்தே இருக்கிறது.

வெள்ளவத்தை நிர்வாகி:
நீங்கள் தந்த உதாரணங்களே என் கட்சிக்குச் சாட்சி: ஓரிடத்தில் பூச்சியம் 'ஒன்றுமில்லை', மற்ற இரண்டில் 'வரம்பில்லை'. புதிய ஸ்கிரிப்டில் வரம்பின்மைக்குத் தனி ஆப்ஷன் வையுங்கள். சொல்லாமல் 7 ஆக்குவதைவிடப் பிழைச்செய்தி மேல் என்பதை ஏற்கிறேன். வரிவீதத்தில் பூச்சியம் செல்லட்டும். ஆனால் அழிக்கும் ஆப்ஷனில், பயனரே கேட்டாலும், ஒன்றுக்குக் குறைந்த எண்ணை ஏற்கக் கூடாது.

புறக்கோட்டை நிரலர்:
அந்த எல்லையை, ஆப்ஷன்களைப் படிக்கும் பைதன் தொகுதியான ஆர்க்பார்ஸின் (argparse) 'டைப்' (type) செயற்கூற்றிலேயே சோதியுங்கள். அழிக்கும் வேலை தொடங்குமுன்பே ஸ்கிரிப்ட் நின்றுவிடும். வேண்டுமென்றே எல்லாவற்றையும் நீக்க விரும்புபவருக்கு வேறு பெயரில் ஓர் ஆப்ஷன் இருக்க வேண்டும் என்பதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.