புதுப்பிப்பு: டிவியுடன் இணைத்த ஸ்டுடியோ மானிட்டர் ஸ்பீக்கரில் வந்த 'உம்' இரைச்சல் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போன மாதம் நான் கேட்டது இதுதான்: 5 அங்குல மானிட்டர் ஸ்பீக்கர் இரண்டை டிவியின் ஹெட்போன் துளையில் இணைத்தால் விடாமல் 'உம்' என்று இரைகிறது, என்ன செய்யலாம்?

முதலில் எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயிண்டுக்கு மாற்றினேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. அப்புறம் ஒருவர் சொன்னபடி செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள் ஒயரைக் கழற்றினேன். உடனே அமைதி! அந்த ஒயர் வழியாகத்தான் எர்த் சுற்று (இணைத்த கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த்தைத் தொடுவதால் இரைச்சல் தரும் வளையம்) உருவாகியிருக்கிறது. அதற்காகக் கேபிளை நிறுத்த முடியுமா? பதில்களில் வந்த ஆப்டிகல் (ஒலியை ஒளியாக அனுப்பும் ஒயர்) யோசனைதான் கைகொடுத்தது. டிவியின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து ஒரு சிறிய டிஏசி (டிஜிட்டல் ஒலியை ஸ்பீக்கருக்கு ஏற்ற அனலாக் ஒலியாக மாற்றும் பெட்டி), அங்கிருந்து பேலன்ஸ்டு ஒயரில் (வெளி இரைச்சலைக் குறைக்கும் வகை ஒயர்) ஸ்பீக்கருக்கு. ஆப்டிகலில் ஒளி மட்டுமே போவதால் அந்தச் சுற்று அறுந்துவிடுகிறது.

மாட்டியதும் சத்தமே வரவில்லை, பயந்துவிட்டேன். டிவியின் ஆடியோ அமைப்பு டால்பியில் இருந்தது, அந்த வகை ஒலி என் டிஏசிக்குப் புரியவில்லை. பிசிஎம் (சுருக்கப்படாத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்று மாற்றியதும் சரியானது. டிவி ரிமோட்டில் இப்போது ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ முடியவில்லை. அதனால் ரிமோட்டுடன் வரும் டிஏசியாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, இரவில் சத்தம் குறைத்துப் பார்க்கும்போது ஸ்பீக்கர் தானாக உறங்கிவிடுகிறது. பின்பக்கம் உள்ள ஆட்டோ ஸ்டாண்ட்பை சுவிட்சை அணைத்தேன். வசனம் அவ்வளவு தெளிவு! அம்மா சப்டைட்டில் கேட்பதையே விட்டுவிட்டார்.