அப்பாவுக்கு முட்டையா, சுண்டலா? வீட்டில் பஞ்சாயத்து

தாமிரபரணி:
அப்பாவுக்கு 68 வயது, எடை 60 கிலோ. கை கால் சதை வற்றிக்கொண்டே வருகிறது. புரதம் போதவில்லை, தினம் 2 முட்டை கொடுங்கள் என்றார் டாக்டர். எங்கள் வீட்டு அடுப்பில் முட்டை ஏறியதில்லை; வெளியே போனால் அப்பா சாப்பிடுவார். சுண்டலே போதும் என்கிறார் அம்மா. பயறெல்லாம் புரதக் கணக்கிலேயே வராது என்கிறான் தம்பி. யார் சொல்வது சரி?

நாமக்கல்லான்:
தம்பிக்கே என் ஓட்டு. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் உடம்புக்கு வேண்டியது அத்தனையும் அதில் உண்டு. சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருகிறார்கள். பழத்தில் புரதம் ஒரு கிராம் தேறினால் அதிகம்!

மானாவாரி:
வாழைப்பழம் கொடுத்தது பயற்றின் குற்றமா? 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்தால் கிட்டத்தட்ட 10 கிராம் புரதம். அரிசியில் குறைவான லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பயறு தரும், பயற்றில் குறைவான மெத்தியோனின் என்பதை அரிசி தரும். இட்லி மாவில் உளுந்து சும்மா போடவில்லை.

அப்புறம், உங்கள் கோழி எதைத் தின்கிறது? மக்காச்சோளமும் சோயாவும். சோயாவும் பயறு இனம்தானே, கோழி வயிற்றைச் சுற்றிக்கொண்டு வருகிறது. டெல்டாவில் நெல் அறுக்கும் முன்பே வயலில் உளுந்தை விதைத்துவிடுவார்கள். மிச்ச ஈரத்திலும் பனியிலுமே விளைந்துவிடும். வேர் முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும்.

நாமக்கல்லான்:
வயல் கதை நன்றாகத்தான் இருக்கிறது, தட்டுக்கு வாருங்கள். 4 பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பில் சாம்பார் வைத்தால் ஆளுக்கு ஐந்தரை கிராம் புரதம். பருப்பு அடியில் தங்கிவிடும், பெரியவர்கள் மேலே தெளிவை ஊற்றிக்கொள்வார்கள். அந்தத் துவரையிலும் ஒரு பங்கு மியான்மரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் கப்பலில் வருகிறது. வைட்டமின் பி12க்கு என்ன பதில்? எந்தப் பயற்றிலும் அது கிடையாது.

மானாவாரி:
பி12 விஷயத்தில் பேச்சில்லை, பாலும் தயிருமாவது வேண்டும். முட்டையே ஆகாது என்றும் நான் சொல்லவில்லை. 2018இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வுப்படி, 100 கிராம் புரதத்துக்கு இறைச்சிக்கென வளர்க்கும் மாடு 50 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாகப் புவியைச் சூடாக்கும் வாயுக்களைக் காற்றில் ஏற்றுகிறது; முட்டை 4 கிலோ சொச்சம்; பட்டாணி அரைக் கிலோ கூட இல்லை. கோழியை மாட்டோடு சேர்த்துத் திட்ட மாட்டேன். தினம் கோழி என்று தம்பி ஆரம்பித்தால் சண்டைக்கு வருவேன்.

கடலோரம்:
இரண்டு பேரும் நெத்திலியை மறந்துவிட்டீர்கள். முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச்சத்தும் சேரும், தீவனம் போட்டு வளர்க்கவும் வேண்டாம். என்ன, தடைக்காலம் 61 நாள் எங்கள் பக்கத்து விசைப்படகுகள் கரையில் கிடக்கும்.

வெண்பூசணி:
சர்க்கரை நோய் இருக்கிறதா? இருந்தால், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுப் புரதத்தை ஏற்றுங்கள். சிறுநீரகம் பழுதென்றால் கணக்கே வேறு.

தாமிரபரணி:
சர்க்கரை இல்லை, கிரியாட்டினினும் பார்த்தாயிற்று. நேற்று சமையலறைத் தராசை எடுத்து உட்கார்ந்தேன். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) கணக்கில் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம், அப்பாவுக்கு நாளுக்கு 50 கிராம் வேண்டும். இட்லி, சோறு, சாம்பார், ஒரு டம்ளர் பால், தயிர் எல்லாம் கூட்டினால் 35ஐத் தாண்டவில்லை. சாம்பார் தெளிவு விஷயம் அச்சு அசல் எங்கள் வீடு! அம்மாவின் சுண்டலும் வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை மட்டும்தான்.

இன்று முதல் சாயங்காலம் தினம் சுண்டல், சாம்பாரில் பருப்பு இரட்டிப்பு, காலையில் ஒரு முட்டை. இரண்டாவது முட்டைக்கு அம்மா இன்னும் மசியவில்லை. முட்டைக்குத் தனிப் பாத்திரம் வாங்க வேண்டும், அதைக் கொல்லைப்புறக் குழாயில்தான் கழுவ வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். கழுவப்போவது அப்பா.