வழக்கு நடக்கும்போது குழந்தையோடு குடும்பச் சிகிச்சைக்குப் போகலாமா?

கேள்வி – தண்டையார்பேட்டைவாசி
என் அக்காளும் அவர் கணவரும் பிரிந்து வாழ்கிறார்கள். ஒன்பது வயது மகள் அக்காளோடு எங்கள் வீட்டில் இருக்கிறாள். அவளை யார் வளர்ப்பது என்ற வழக்கு உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள குடும்ப நீதிமன்றத்தில் நடக்கிறது. அப்பாவைப் பார்த்துவிட்டு வருகிற நாளெல்லாம் வாசலிலேயே "என்ன சொல்லி அனுப்பினார்?" என்று பாட்டி கேட்பதால், அப்பா வாங்கிக் கொடுத்த கிரேயான் பெட்டியைப் பள்ளிப் பையின் அடியில் ஒளித்து வைக்கிறாள். தாய், தந்தை, மகள் மூவரும் குடும்பச் சிகிச்சைக்கு, அதாவது ஆலோசகர் முன் குடும்பமாக உட்கார்ந்து பேசுகிற மனநலச் சிகிச்சைக்கு, போக உத்தரவிடுமாறு அக்காளின் கணவர் மனுப் போட்டிருக்கிறார். அங்கே பேசுவது நாளை நமக்கே எதிராக வரும் என்கிறார் எங்கள் வழக்கறிஞர். போவதா, வேண்டாமா?

பதில் – பாரிமுனை வழக்கறிஞர்
அவருடைய அச்சத்தில் நியாயம் உண்டு. குடும்ப நீதிமன்றச் சட்டம், 1984-இன் 14-ஆம் பிரிவின்படி, தகராறைத் தீர்க்க உதவும் என்று நீதிபதி கருதினால், வழக்கமான சாட்சிய விதிகளுக்குள் அடங்காத அறிக்கையையும் ஆவணத்தையும்கூட ஏற்கலாம். அதற்காக மனுவை எதிர்ப்பதைவிட, சிகிச்சை அளிப்பவர் இன்னார் பக்கம் குழந்தை இருக்க வேண்டும் என்று அறிக்கை தரக் கூடாது, வந்தார்களா இல்லையா என்பதை மட்டும் தெரிவிக்கலாம் என்று உத்தரவிலேயே எழுதும்படி பதில் மனுவில் கேளுங்கள். நிபுணர் கருத்து வேண்டுமென்றால் 12-ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் வேறொருவரின் உதவியைப் பெறட்டும். மருந்து கொடுப்பவரையே சாட்சிக் கூண்டில் ஏற்றினால் பிறகு யாரும் அவரிடம் வாய் திறக்க மாட்டார்கள்.

பதில் – பெரம்பூர் ஆலோசகர்
எடுத்த எடுப்பில் மூவரையும் ஒரே அறையில் உட்கார வைப்பது முறையன்று. முதலில் தாயையும் தந்தையையும் தனித்தனியே சந்தித்து, அடி உதையோ மிரட்டலோ இருந்ததா என்று விசாரிக்க வேண்டும். இருந்திருந்தால் கூட்டு அமர்வே கூடாது. அம்மா வேண்டுமா, அப்பா வேண்டுமா என்று குழந்தையிடம் கேட்கிறவர் ஆலோசகரானாலும் அவரிடம் மீண்டும் போகாதீர்கள். கிரேயான் பெட்டியை ஒளிக்கிற பிள்ளை இரண்டு வீட்டையும் திருப்திப்படுத்தப் பார்க்கிறாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆகவே சிகிச்சையில் பாட்டிக்கும் ஓர் இடம் வேண்டும். (பெற்றோரைவிடப் பெரியவர்களை வழிக்குக் கொண்டுவருவதுதான் பல வீடுகளில் கடினம்.) செலவுக்கு அஞ்சினால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலோ விசாரியுங்கள், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்.

பதில் – திருவொற்றியூர் அப்பா
எங்கள் வழக்கிலும் இப்படித்தான் போனோம். வாய்தா நாளில் மட்டும் அமர்வு வைக்காதீர்கள். கோர்ட்டில் ஏறிய கோபம் அப்படியே உள்ளே வந்துவிடும். கட்டணத்தை யார் தருவது, பிள்ளையை யார் அழைத்துச் செல்வது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

கேள்வி – தண்டையார்பேட்டைவாசி
நன்றி ஐயா. நீதிபதி அவளையே கேட்பாரா? என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கலாமா?

பதில் – பாரிமுனை வழக்கறிஞர்
கேட்கக்கூடும். விவரமாக விருப்பம் சொல்லும் வயதிலுள்ள குழந்தையின் விருப்பத்தைக் கருதலாம் என்கிறது 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின் 17-ஆம் பிரிவு; ஆனால் முடிவு அவளுடைய நலனைப் பொறுத்தது. சொல்லிக் கொடுத்த பேச்சைக் கேட்டுப் பழகியவர்கள் நீதிபதிகள், அந்த வேலையே வேண்டாம். பாட்டியிடமும் சொல்லிவையுங்கள்.