செர்ரி போட்ட பெல்ஜியன் டார்க் ஏல்: இருமல் சிரப் வாடை, பாட்டில் கெட்டதா?

கிண்ணி எழுதியது:

பெல்ஜியத்துல செஞ்ச டார்க் ஏல் (கறுப்பு நிற பீர்), செர்ரி சேர்த்தது, ஆல்கஹால் 8.5%. கார்க் போட்ட 750 மி.லி. பாட்டில். ஃப்ரிட்ஜ்ல படுக்க வெச்சிருந்தது. எடுத்த கையோட திறந்து, உயரமான பில்ஸ்னர் கிளாஸ்ல ஊத்தினேன். கார்க் வந்ததும் பொங்கி கால் பாட்டில் மேசைக்குப் போச்சு. முதல் வாய்க்கு வாசனையே இல்ல. பாதி கிளாஸ் தாண்டினதும் அப்படியே இருமல் சிரப், கூடவே கிராம்பு மாதிரி ஒண்ணு, தொண்டையில லேசா எரிச்சல். கடைசியா ஊத்தினது கலங்கல், நாக்குல ஒட்டுற கசப்பு.

பாட்டில் கெட்டதா, நான் குடிச்ச முறை தப்பா? செர்ரி பீர்னா புளிக்கணும்னு சொல்றாங்க, இது துளிகூடப் புளிக்கல. இன்னொரு பாட்டில் கையில இருக்கு, அதை எப்படித் திறக்கிறது?

பார்லிக்காடு எழுதியது:

பாதிக்கு மேல முறைதான் காரணம். பொங்கினதுல இருந்து ஆரம்பிக்கலாம், மத்த குறையெல்லாம் அதோட வாலைப் பிடிச்சு வந்ததுதான்.

இந்த வகை பெரும்பாலும் பாட்டிலுக்குள்ளேயே இன்னொரு தடவை நொதிக்கும், அதாவது ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு ஆல்கஹாலும் கேஸும் ஆக்கும். அடியில ஈஸ்ட் மண்டி தங்கும், கேஸும் சாதாரண லேகர் பீரைவிட அதிகம். படுக்க வெச்சா மண்டி பக்கவாட்டுல நீளமாப் படியும், நிமிர்த்தின உடனே முழு பாட்டிலும் கலங்கும். மிதக்குற துகள்கள்ல கேஸ் குமிழ் கட்டிக்கும், மூடி எடுத்ததும் மொத்தமாக் கிளம்பும். இந்த ஏல்ல ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தர்ற பூ) கசப்பு ரொம்பக் குறைவு. இனிப்பை அடக்கி வைக்கிறது கேஸும் பழத்தோட புளிப்பும்தான். கேஸ் மேசைக்குப் போயிட்டா கிளாஸ்ல நிக்கிறது பாகு. கடைசிக் கசப்பு அந்த மண்டி.

அடுத்த பாட்டிலை நிமிர்த்தி வெச்சு ஒரு முழு நாளாவது ஃப்ரிட்ஜ்ல விடுங்க, ரெண்டு நாள்னா இன்னும் நல்லது. குடிக்கிறதுக்கு 35, 40 நிமிஷம் முன்னாடி ஆட்டாம வெளியே எடுங்க (330 மி.லி. பாட்டிலுக்கு 20 நிமிஷம் போதும்). 10ல இருந்து 12 டிகிரி செல்சியஸ்தான் குறி. 4 டிகிரியில நாக்கும் மூக்கும் மரத்துப் போகும், அதனாலதான் முதல் வாய் வெறுமையா இருந்தது. 16 தாண்டினா சாராய நெடி மேல ஏறும், தொண்டை எரிச்சல் அங்கதான் தொடங்குது. பெரிய கிளாஸ் நிறைய ஊத்தினா இந்த ரெண்டு முனையையும் ஒரே கிளாஸ்ல பார்த்துடுவீங்க, நடுவுல இருக்குற நல்ல பத்து நிமிஷம் கவனிக்காமலே கடந்து போயிடும்.

கார்க்கைச் சுத்தியிருக்குற கம்பிக்கூட்டைத் தளர்த்தும்போதும் கார்க் மேல கட்டைவிரல் இருக்கணும். கார்க்கைப் பிடிச்சுக்கிட்டு பாட்டிலைச் சுத்துங்க, சத்தம் வராம வரணும். வாய் குறுகின வைன் கிளாஸ் போதும். சாய்ச்சுப் பிடிச்சு 120, 150 மி.லி. ஊத்தி, கடைசியில நிமிர்த்தி ரெண்டு விரல் நுரை எழுப்புங்க. ஒரு தடவை சாய்ச்ச பாட்டிலைத் திரும்ப நிமிர்த்தினா மண்டி எழும்பும். அதனால நாலஞ்சு கிளாஸை வரிசையா வெச்சு ஒரே சாய்வுல ஊத்துங்க, இல்லைன்னா மொத்தத்தையும் ஒரு ஜக்குக்கு மாத்திடுங்க. அடியில ரெண்டு விரல் உயரத்துக்கு பாட்டில்லயே விட்டுடுங்க.

நுரை இருக்கும்போதே முகருங்க, பழ வாசனை முதல்ல பறக்குறது அங்கிருந்துதான். அப்புறம் சின்ன வாயா எடுத்து நாக்கு முழுக்கப் பரவ விட்டு, விழுங்கினதும் மூக்கு வழியா மூச்சை விடுங்க. கருப்பட்டி, உலர்திராட்சை, பேரீச்சம்பழம் மாதிரி வர்றது மால்ட்டும் (முளைகட்டிக் காய வெச்ச பார்லி), காய்ச்சும்போது சேர்க்கிற கேண்டி சர்க்கரையும். வாழைப்பழம், கிராம்பு, மிளகு ஈஸ்ட் தர்றது. செர்ரி இதுக்கெல்லாம் நடுவுல, கொஞ்சம் பாதாம் வாடையோட வரும்.

இருமல் சிரப் சமாச்சாரமும் அந்த பாதாம்தான். செர்ரிக் கொட்டையில இருந்து பென்சால்டிஹைடு இறங்கும். செயற்கை செர்ரி எசென்ஸுக்கும் அதே பொருள்தான் அடிப்படை. மூளை முதல்ல பார்த்தது மருந்து பாட்டிலை, அதனால அந்தப் பேரைச் சொல்லுது. இது குறை இல்லை.

நுரைக்கட்டி எழுதியது:

மேல சொன்னதுல ஒரு இடத்துல மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. கெட்ட பாட்டிலும் பொங்கும். ரெண்டாவது பாட்டிலை நிமிர்த்தி, ரெண்டு நாள் குளிர வெச்சு, ஆட்டாம திறந்தும் நுரை மெதுவா, நிக்காம மேல ஏறிக்கிட்டே இருந்தா அது கைத்தவறு இல்லை. உள்ளே காட்டு ஈஸ்ட் புகுந்திருக்கலாம். சாதா ஈஸ்ட் தொடாம விட்ட டெக்ஸ்ட்ரினையும் (மால்ட்டோட மாவுச்சத்துல இருந்து வர்றது) அது தின்னுடும். அப்போ ஏல் தண்ணியா இளைச்சிருக்கும், இனிப்பு காணாமப் போயிருக்கும், கிராம்பு வாடை மருந்து நெடியா மாறியிருக்கும். உங்களுக்குப் பொங்கியும் பாகு மாதிரி இருந்ததால அந்தச் சந்தேகம் குறைவுதான்.

நிஜமான குறைகள் வேற. பிளாஸ்டர், டெட்டால் மாதிரி அடிச்சா குளோரோஃபீனால், பீர் காய்ச்சப் பயன்படுத்தின தண்ணியில இருந்த குளோரின் கைங்கரியம். நெயில் பாலிஷ் வாடைன்னா எத்தில் அசிட்டேட் அளவு மீறிடுச்சு. நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடைன்னா ஆக்சிஜன் பட்டு மூத்துப் போச்சு. இந்த மூணும் கிளாஸ்ல அரை மணி நேரம் வெச்சாலும் போகாது.

புளிப்பு பத்தி: செர்ரி பீர் ஒரே சாதி இல்லை. 'க்ரீக்'னா ஃபிளெமிஷ்ல புளிச்செர்ரி. பிரஸ்ஸல்ஸ் பக்கத்து லாம்பிக் க்ரீக் காற்றுல வர்ற ஈஸ்ட், பாக்டீரியாவால நொதிச்சது, நல்லாவே புளிக்கும். அங்க இருக்குற காந்தியோன் பீர் ஆலையில லிட்டருக்கு 200 கிராம் செர்ரி போடுறாங்க. அவுடெனார்டு ஊரு லீஃப்மான்ஸ் க்ரீக் புருட்டுக்கு அடிப்படை புளிப்பு பழுப்பு ஏல், 100 லிட்டருக்கு 13 கிலோ பழம், 6%. மூணாவது உங்களோடது: புளிப்புச் சுவை இல்லாத கனமான கறுப்பு ஏல்ல செர்ரி. வான் ஹான்ஸ்ப்ரூக் ஆலையோட கஸ்டீல் ரூஜ் இந்தக் கூட்டம். அதுகிட்ட லாம்பிக் புளிப்பை எதிர்பார்க்கிறது பாயசத்துல ரசம் தேடுற மாதிரி.

லேபிளையும் படிங்க. 'அவுட க்ரீக்'னு இருந்தா அது ஐரோப்பிய ஒன்றியம் காப்பு கொடுத்த பேரு, இனிப்பூட்டின சரக்குல அந்தப் பேரைப் போட முடியாது. பொருள் பட்டியல்ல டச்சுல 'சாப்'னா சாறு, 'சுய்கர்'னா சர்க்கரை, 'ஜூட்ஸ்டாஃப்'னா இனிப்பூட்டி, 'அரோமா'னா எசென்ஸ். கடைசி ரெண்டும் இருந்தா சிரப் வாடைக்கு வேற காரணம் தேட வேண்டாம்.

கிண்ணி எழுதியது:

லேபிள்ல செர்ரி, செர்ரிச் சாறு, சர்க்கரை இருக்கு. எசென்ஸ் இல்ல. பழம் போட்டா பீர் இனிக்கத்தானே செய்யும், சர்க்கரை எதுக்கு?

மூணாம்பீப்பாய் எழுதியது:

இனிக்காது. கணக்கு போட்டுப் பாருங்க. 8% டார்க் ஏல் 20 லிட்டர், புளிச்செர்ரி 4 கிலோ. பழத்துல 12% சர்க்கரைன்னா 480 கிராம். ஈஸ்ட் அதை விடாது, சுமார் 245 கிராம் ஆல்கஹால் ஆகும், அதாவது 310 மி.லி. பழத்தோட தண்ணி மூணு லிட்டருக்கு மேல சேருது. கடைசியில 23.5 லிட்டர், 8.1%. சர்க்கரை போச்சு, ஸ்டிராங்கும் ஏறல. மிஞ்சுறது நிறம், வாசனை, மாலிக் அமிலப் புளிப்பு, தோலோட துவர்ப்பு. பழம் போட்டா வெறும் ஏலைவிட வறண்டுதான் போகும். இனிச்சே ஆகணும்னா நொதிச்சு முடிஞ்சு, ஈஸ்ட்டை வடிகட்டியோ சூட்டுல செயலிழக்க வெச்சோ அப்புறம்தான் சாறும் சர்க்கரையும் சேர்க்கணும். ஈஸ்ட் உயிரோட இருக்கும்போது சேர்த்தா பாட்டில் வெடிக்கும்.

பழத்தை எப்போ போடுறாங்கங்கிறதும் கிளாஸ்ல தெரியும். முதல் நொதிப்பு கொந்தளிக்கும்போது போட்டா கேஸோட வாசனையும் வெளியேறிடும், வெறும் சிவப்பு நிறமும் புளிப்பும் மிஞ்சும். அடங்கின பிறகு போட்டாதான் பழம் பழமா நிக்கும். பழத்தை உறைய வெச்சு இளக்கினா செல் சுவர் கிழிஞ்சு சாறு சுலபமா இறங்கும். கொதிக்கிற வோர்ட்ல (நொதிக்கிறதுக்கு முந்தின மால்ட் சாறு) போட்டா பழத்துல இருக்குற பெக்டின்ங்கிற பசை வெளியேறி, எத்தனை நாள் வெச்சாலும் தெளியாத மங்கல் நிக்கும். முழுக்க மங்கலா, அடியில மண்டியே இல்லாத பாட்டிலைப் பார்த்தா முதல்ல இதைச் சந்தேகப்படுங்க.

பழம் எவ்வளவு இருந்தா நாக்குல தெரியும்னு பழக ஒரு வழி இருக்கு. அமெரிக்காவுல ஒமெகாங் ஆலை செய்யுற த்ரீ ஃபிலாசஃபர்ஸ் ஏல் 9.7%, அதுல க்ரீக் வெறும் 2%தான் கலந்தாங்க. அதை வீட்டுலயே கலந்து பார்க்கலாம். செயின்ட் பெர்னார்டஸ் ஆப்ட் 12 மாதிரி கறுப்பு ஏல் 147 மி.லி., க்ரீக் 3 மி.லி., ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சுல அளந்து விடுங்க. பக்கத்துல கலக்காத கிளாஸ். செர்ரின்னு சொல்ல முடியாது, ஆனா கருப்பட்டி இனிப்போட விளிம்பு கொஞ்சம் கூர்மையாகும். அப்புறம் 135க்கு 15, 105க்கு 45. எந்த இடத்துல "இது செர்ரி"ன்னு வாய் சொல்லுதோ அதைக் குறிச்சு வைங்க. கிளாஸுக்குக் கிளாஸ் நடுவுல தண்ணி, உப்பில்லாத ரொட்டி. காரமா எதுவும் வேண்டாம், மிளகாயும் 8.5% சாராயமும் சேர்ந்தா எரிச்சல் ரெண்டு மடங்கு.

கிண்ணி எழுதியது:

ரெண்டாவது பாட்டிலை ரெண்டு வருஷம் வெச்சுப் பார்க்கலாமா? டார்க் ஏல் வெச்சா மெருகேறும்னு கேள்வி.

பார்லிக்காடு எழுதியது:

ஏல் தாங்கும், செர்ரி தாங்காது. நாளாக ஆக பழ வாசனை முதல்ல மங்கும், உலர்திராட்சையும் ஷெர்ரி வைன் வாடையும் மேல வரும். அதுதான் வேணும்னா செர்ரி இல்லாத டார்க் ஏலை வாங்கி வைங்க. இதை இந்த மாசமே திறங்க, அதுவரை இருட்டுல, நிமிர்ந்த நிலையில.

ஒரு கணக்கு விட்டுப்போச்சு: 8.5% பாட்டில் 750 மி.லி.ல சுமார் 50 கிராம் ஆல்கஹால் இருக்கு. 330 மி.லி. சாதா 5% பீர்ல 13. நாலு கிளாஸ் எடுத்து வைங்க, நாலு பேரைக் கூப்பிடுங்க.