நாற்பது வயதுக் கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னம் என்று காக்க முடியுமா? அபுதாபியிலிருந்து ஒரு கேள்வி

முரூர்வாசி (அபுதாபி) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். பத்தொன்பது ஆண்டுகளாக அபுதாபியில் கட்டடப் பழுதுபார்ப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். 1980களின் தொடக்கத்தில் எழுந்த ஆறு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் இப்போது எங்கள் வேலை நடக்கிறது. தெருவைப் பார்த்த முகப்பு முழுவதும் சிமெண்டில் வார்த்த ஜாலிகள், அதாவது துளைகள் விட்ட தடுப்புகள். அவற்றுக்குப் பின்னால் இரண்டு முழ இடைவெளி, அதற்கும் பின்னால்தான் ஜன்னல்கள். நடுப்பகலில் சாரத்தில் நின்று ஜாலிக்கு வெளியே கையை நீட்டினால் தோல் காந்துகிறது. உள்ளே இழுத்துக்கொண்டால் அந்த நிழல் எதற்காக அமைக்கப்பட்டது என்பது யாரும் சொல்லாமலே விளங்குகிறது. இந்த ஜாலிகளை உடைத்தெடுத்துவிட்டு அலுமினியத் தகடும் கண்ணாடியும் பொருத்த வேண்டும் என்பதே எங்களுக்குத் தரப்பட்டுள்ள வேலை.

2023இல் அபுதாபியின் பண்பாட்டு, சுற்றுலாத் துறை இந்த எமிரேட்டில் உள்ள 64 நவீனகால இடங்களைப் பாதுகாக்க வேண்டியவை என்று அறிவித்தது. பல்கேரியக் கட்டடக்கலைஞர்கள் வடிவமைத்து 1989இல் திறக்கப்பட்ட பேருந்து நிலையமும் அதில் இருக்கிறது. இந்த நகரத்தில் நான் முதன்முதலில் பெட்டியை இறக்கி வைத்த இடம் அதுதான். அந்தச் செய்தி எனக்கு மகிழ்ச்சி தந்தது என்றாலும் மனத்தில் ஒரு சந்தேகம் எழுந்தது. என்னைவிட இளைய ஒரு கட்டடத்தை எந்த அடிப்படையில் பாரம்பரியம் என்கிறார்கள்? கான்கிரீட் தானாகவே சிதைந்துவரும்போது, பாதியை வெட்டி எடுத்துப் புதிதாக வார்த்த பிறகும் அதை அதே கட்டடம் என்று சொல்ல முடியுமா? பட்டியலில் இல்லாத எங்கள் ஆறு மாடிக் கட்டடத்துக்காக யாராவது பேச வேண்டுமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நிழற்கூரை (ஷார்ஜா) எழுதியது:

ஐயா, நான் கட்டடக்கலை கற்பிப்பவள். வயதை அளவுகோலாக வைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது என்று கருதுகிறேன். லெபனானின் 1933ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் 1700க்கு முற்பட்டவற்றை மட்டுமே இயல்பாகத் தொல்பொருள் என்று ஏற்கிறது. அதற்குப் பிற்பட்ட எதையும், காப்பது பொதுநலன் என்று அரசு முடிவுசெய்து தனியாகப் பட்டியலில் சேர்த்தால்தான் உண்டு. அதே நாட்டின் திரிப்பொலியில் பிரேசிலின் ஆஸ்கர் நீமாயர் 1962இல் வடிவமைக்கத் தொடங்கிய ரஷீத் கராமி பன்னாட்டுக் கண்காட்சி வளாகம் இருக்கிறது. 750 மீட்டர் நீளமும் 70 மீட்டர் அகலமும் கொண்ட, பூமராங் போல் வளைந்த ஒரே கூரை. அதன் எதிரே குவிமாடமும் வளைவுகளும் குளங்களுமாக விரியும் பரப்பு. வேலை முடியும் தறுவாயில் 1975இல் உள்நாட்டுப் போர் மூண்டதால், அந்தக் கூரையின் கீழ் நடக்க வேண்டிய உலகக் கண்காட்சி நடக்கவே இல்லை. 2023 ஜனவரியில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலிலும், ஆபத்துக்குள்ளானவற்றின் பட்டியலிலும் ஒரே நாளில் சேர்த்தது. 1700 என்ற கோட்டை மட்டும் நம்பியிருந்தால் அந்த வளாகத்துக்கு எந்தக் காப்பும் கிடைத்திருக்காது.

அந்த வளாகத்தை ஏன் காக்க வேண்டும் என்பதற்கான விடை அதன் அழகில் மட்டும் இல்லை. 1950களிலிருந்து 1980கள் வரை அரபு நகரங்கள் தமக்கென நூலகம், பல்கலைக்கழகம், பேருந்து நிலையம், நாடாளுமன்றம் என்று ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டன. புதிதாக எழுந்த ஓர் அரசு தன் குடிமக்களை எப்படி வரவேற்க நினைத்தது என்பது அந்த வாசல்களிலும் படிக்கட்டுகளிலும் பதிந்திருக்கிறது. உங்கள் நகரத்தின் பண்பாட்டு நிறுவனக் கட்டடம் 1981இல் திறக்கப்பட்டது. ஜெர்மானியக் கட்டடக்கலைஞர் வால்டர் குரோப்பியஸ் அமெரிக்காவில் தம் கூட்டாளிகளோடு தொடங்கி, பாக்தாத் பல்கலைக்கழகத்தையும் வடிவமைத்த நிறுவனமே இதையும் வரைந்தது. வரைந்தவர்கள் எங்கிருந்து வந்திருந்தாலும், வெயில் இந்த ஊருடையது என்பதை நிழல் தாழ்வாரங்களில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் சாரத்தில் நின்று கையால் உணர்ந்ததும் அதைத்தான்.

எங்கள் ஷார்ஜாவில் 1978இல் திறக்கப்பட்ட 'பறக்கும் தட்டு' கட்டடம் பலசரக்குக் கடையாகவும் பொரித்த கோழிக் கடையாகவும் பல ஆண்டுகள் இருந்தது. போலிக்கூரையும் வெளித்தகடுகளும் அதன் உருவத்தையே மறைத்துவிட்டன. ஷார்ஜா கலை அறக்கட்டளை அவற்றைக் களைந்து சீரமைத்து 2020இல் மீண்டும் திறந்தது. நான் சிறுமியாக இருந்தபோது அப்பாவோடு சாப்பிட்ட கடைதான் அது என்பதை அன்று தூண்களைப் பார்த்த பிறகே நம்பினேன். மேலே போர்த்திய தகடு ஒருநாள் கழற்றப்படலாம்; உடைத்த ஜாலியைத் திரும்பப் பெற முடியாது என்பதை உங்கள் உரிமையாளரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

உப்புக்காற்று (தம்மாம்) எழுதியது:

கான்கிரீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் தொழில் அது.

வளைகுடாவின் பழைய கான்கிரீட்டில் நோய் பெரும்பாலும் பிறவியிலேயே வந்தது. அவசரமாகக் கட்டிய அந்த ஆண்டுகளில் கழுவாத கடற்கரை மணலும் உப்பு கலந்த கிணற்று நீரும் கலவையில் சேர்ந்தன. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைச் சுற்றி மெல்லிய காப்புப் படலத்தை உருவாக்கும். உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். காற்றிலுள்ள கரியமில வாயுவும் மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தன்மையைக் குறைக்கும். பிறகு கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தைக் கேட்கும் என்பதால், உள்ளிருந்தே நெம்பி மேற்பூச்சைத் தள்ளிவிடும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். கழன்ற இடம் காலிப் பானைபோல் பொத்தென்று கேட்கும். அந்த இடங்களைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டுக்கொண்டே போனால் ஒரே நாளில் முகப்பின் நோய் வரைபடம் கைக்கு வந்துவிடும்.

இதில் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. உடைந்த இடத்தை மட்டும் வெட்டிப் புதுக்கலவையால் நிரப்பிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். சுற்றியுள்ள பழைய கான்கிரீட்டில் உப்பு அப்படியே இருக்கும். முன்பு அரித்துக்கொண்டிருந்த கம்பித் துண்டு அந்த அரிப்பைத் தன் மேல் வாங்கிக்கொண்டு அக்கம்பக்கத்துக் கம்பியை ஒருவகையில் காத்து வந்தது. அதைச் சரிசெய்ததும் அரிப்பு ஒட்டின் விளிம்பைச் சுற்றித் தொடங்கும். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒட்டைச் சுற்றி வளையமாக விரிசல் விட்ட கட்டடங்களை நான் எண்ணற்றவை பார்த்திருக்கிறேன். உப்பு மிகுந்த இடங்களில் சிறிய நேர்மின்னோட்டத்தைத் தொடர்ந்து கம்பிக்குச் செலுத்திக் காக்கும் முறை இருக்கிறது. செலவு கூடுதல்தான், ஆனால் வெட்டி எறியும் பழைய கான்கிரீட் மிகவும் குறையும். பாதியை மாற்றிய பிறகு அது அதே கட்டடமா என்று கேட்டீர்களே, நல்ல பழுதுபார்ப்பில் பாதியை மாற்ற வேண்டிய நிலையே பெரும்பாலும் வராது.

காக்கிறோம் என்று மூடிவைப்பதும் கெடுதல்தான். உங்கள் ஊரின் கஸ்ர் அல் ஹொஸ்ன் கோட்டைக்கு முந்தைய சீரமைப்பு ஒன்றில் வெள்ளைப் பூச்சு பூசினார்கள். அது ஈரத்தை உள்ளேயே தேக்கிப் பவளக்கல் சுவரைக் கெடுத்ததால், பின்வந்தவர்கள் அதை உரித்தெடுக்க வேண்டியதாயிற்று. காற்றுப்போக இடம்விடாமல் அடிக்கும் அலுமினியத் தகட்டுக்குப் பின்னாலும் இதுவே நடக்கலாம். அங்கே சுத்தியலோடு யாரும் ஏறிப் பார்க்கவும் முடியாது.

ஷர்க் பழைய குடியிருப்பாளர் (குவைத்) எழுதியது:

மேலே சொன்னவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. ஒரு வருத்தம் மட்டும் உண்டு. காப்பாற்றப்படுபவை பெரும்பாலும் சின்னங்கள்தான். குவைத் கோபுரங்கள் 1979இல் திறக்கப்பட்டன. மறு ஆண்டே இந்நகரின் நீர்க்கோபுரங்களுக்குக் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது. ஜோர்ன் உட்சன் வடிவமைத்த நாடாளுமன்றக் கட்டடம் 1991இல் பின்வாங்கிய ஈராக்கியப் படையினரால் எரிக்கப்பட்டபோது, அதைத் திரும்ப எழுப்பினார்கள். இரண்டும் செய்ய வேண்டியவையே.

ஆனால் கனடாவின் ஆர்தர் எரிக்சன் வடிவமைத்த அல் சவாபர் குடியிருப்பு 2019இல் இடிக்கப்பட்டது. நகர நடுவில் அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகள் அவை. கூடாரம்போல் மேலே குறுகிக்கொண்டே போகும் வரிசைகள். பராமரிப்பு நின்றது, நிலத்தின் விலை ஏறியது, வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. இடிப்பதற்கு முந்தைய மாதங்களில் நான் ஒருமுறை அந்தப் பக்கம் நடந்துபோனேன். ஒரு மாடத்தில் யாரோ விட்டுச்சென்ற துணி காயப்போடும் கயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. கோபுரத்தை நாணயத்தில் அச்சிடலாம், வீட்டை அப்படிச் செய்ய முடியாது. இருந்தாலும் நகரம் என்பது வீடுகளும் சேர்ந்ததுதானே. ஆகவே பட்டியலில் இல்லாத உங்கள் கட்டடத்துக்காகப் பேசத்தான் வேண்டும்.

நிழற்கூரை (ஷார்ஜா) மீண்டும் எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. ஈராக்கியக் கட்டடக்கலைஞர் ரிஃபாத் சாதிர்ஜி 1959இல் பாக்தாதில் எழுப்பிய பெயரறியா வீரர் நினைவுச்சின்னம் 1982இல் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் பின்னர் வைத்த சதாம் சிலை 2003இல் சாய்க்கப்பட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு முன்பு அங்கே என்ன நின்றது என்று தெரிந்திருக்கும்! தம் கட்டடங்களைப் படமெடுத்துவைக்கும் வழக்கம் சாதிர்ஜிக்கு இருந்ததால்தான் போனவற்றின் உருவமாவது நமக்கு மிஞ்சியிருக்கிறது. உங்கள் ஜாலிகளைக் காப்பாற்ற முடியாமலே போனாலும், உடைப்பதற்கு முன் அளவெடுத்து வரைந்து, ஒவ்வொரு மாடியையும் படம் எடுத்துவிடுங்கள்.

முரூர்வாசி (அபுதாபி) எழுதியது:

மூவருக்கும் நன்றி. எழுதியவற்றைப் படித்ததும் மறுநாளே முகப்பைத் தட்டிப் பார்த்தோம். மொத்தம் 216 ஜாலிகள். காலிப் பானைச் சத்தம் தந்தவை 31தான், அவற்றில் பெரும்பாலானவை மேல்மாடித் தண்ணீர்க் குழாய் ஒழுகும் மூலையில் இருக்கின்றன. எல்லாவற்றையும் உடைத்துத் தகடு அடிக்கும் செலவையும், குழாயைச் சரிசெய்து இந்த 31ஐ மட்டும் புதிதாக வார்க்கும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உரிமையாளரின் பொறியாளருக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் மறுக்கவில்லை, பழையதோடு நிறம் பொருந்துமா என்று மட்டும் கேட்டார். அதற்காக இரண்டு மாதிரிகள் வார்த்திருக்கிறோம். முதலாவது காய்ந்ததும் வெளுத்துப் போயிற்று. இரண்டாவதில் சற்றுப் பழுப்பான மணலைச் சேர்த்தோம். அது இன்னும் ஈரமாகவே இருக்கிறது, நாளை மாலை சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.