ஷேல் கிணற்றில் செலுத்திய தண்ணீர் எங்கே போகிறது?

கதிரவன்: அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், மார்செல்லஸ் ஷேல் என்ற நுண்துளைப் படிவுப் பாறையை உடைத்து வாயு எடுக்க, ஒரு கிணற்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கு மேல் தண்ணீரை அழுத்திச் செலுத்துகிறார்கள். சிறு பங்குதான் திரும்பி வருகிறது. மீதியைப் பாறையே உறிஞ்சிவிடுகிறது என்று மலர்விழி எழுதியிருந்தார். நான் ஏற்கவில்லை. நானோமீட்டர் துளைக்குள் அவ்வளவு தண்ணீர் எப்படிப் போகும்? விரிசல்களிலேயே தேங்கி நிற்கிறது.

மலர்விழி: துளை குறுகக் குறுக, நீரைத் தானே உள்ளிழுக்கும் நுண்குழாய் விசை கூடும் சார். வேகம்தான் குறையும். நுண்குழாயில் நீர் ஊறுவதைக் கணக்கிடும் வாஷ்பர்னின் 1921ஆம் ஆண்டுச் சமன்பாட்டின்படி இரண்டு மடங்கு தூரம் ஊற நான்கு மடங்கு நேரம் வேண்டும். ஆனால் உடைந்த பாறையின் மொத்தப் பரப்பு மிகப் பெரிது. ஒவ்வொரு முகத்திலும் சில சென்டிமீட்டர் ஊறினாலே போதும்.

பாரி: டெக்சாஸின் பார்னெட் ஷேலில் அந்தக் கணக்கு அப்படியே செல்லாது. அங்கே துளைகளுக்குள் இணைப்பு மோசம். ஊறும் தூரம் நேரத்தின் வர்க்கமூலத்தை விட்டு, நான்காம் மூலத்தை ஒட்டிப் போவதாக ஆய்வுகள் காட்டின. இரண்டு மடங்கு தூரத்துக்குப் பதினாறு மடங்கு நேரம்!

மலர்விழி: சரி, அதனால்தான் "ஷேல்" என்று பொதுவாகப் பேசக்கூடாது என்கிறேன். கனடாவின் ஹார்ன் ரிவர் படுகையின் ஷேல் மாதிரிகளைப் பாருங்கள். மேற்பரப்பில் எண்ணெய்ச் சொட்டு முழுக்கப் பரவுகிறது. ஆனால் ஊற வைத்தால் எண்ணெயைவிடத் தண்ணீர்தான் அதிகம் உள்ளே போகிறது. களிமண் கனிமங்கள் நீரை இழுக்கின்றன. அப்புறம் பாறைக்குள் இருக்கும் உப்பு, சவ்வூடு பரவலால் (உப்பு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு நீர் நகர்வதால்) நன்னீரை வரவழைக்கிறது. அதே படுகையில் களிமண் மிகுந்த ஃபோர்ட் சிம்ப்சன் அடுக்கின் மாதிரியோ தண்ணீரில் போட்டதும் வீங்கி வெடிக்கிறது. புதிய வெடிப்பு, புதிய பரப்பு, இன்னும் ஊறல்.

கதிரவன்: மேசைமேல் வைத்த துண்டு வெடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில், சுற்றிலும் பாறை நெருக்கும்போது வீங்க இடமேது?

மலர்விழி: நியாயமான கேள்வி. வெடிப்பு விஷயத்தில் உங்கள் பக்கம் வலு இருக்கிறது. ஆனால் நுண்குழாய் விசைக்கும் உப்பின் இழுப்புக்கும் வீங்க இடம் தேவையில்லையே.

பாரி: வாயு எடுப்பவருக்கு முக்கியமான கேள்வி வேறு. நீர் விரிசல் சுவரை ஒட்டியே நின்றால் வாயுவின் வழியை அடைக்கும். கிணற்றைச் சில வாரம் மூடி வைத்தால் அது ஆழமாக ஊறி வழிவிடலாம். களிமண் மிகுந்த பாறையிலும் சிலிக்கா மிகுந்த பாறையிலும் ஒரே கால அளவு மூடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கதிரவன்: அதில் நானும் உங்கள் பக்கம்தான். நெருக்கும் அழுத்தத்தில், உப்பு நீர் கொண்டு செய்த அளவீடு இருந்தால் போடுங்கள். அதை வைத்துப் பேசுவோம்.