புதிய ஆம்ப்ளிஃபயர் பொருத்திய பின் காரில் இரைச்சல், மெலிந்த பேஸ், காதைக் குத்தும் ஒலி: எங்கிருந்து தொடங்குவது?

ஒலிப்பிரியன்:
நண்பர்களுக்கு வணக்கம். காருடன் வந்த ஸ்பீக்கர்களை எடுத்துவிட்டு முன்கதவுகளில் 6.5 அங்குல காம்பொனன்ட் ஸ்பீக்கர்கள் (தாழ்ந்த ஒலிக்கு வூஃபர், உயர்ந்த ஒலிக்கு ட்வீட்டர் எனத் தனித்தனியாக வருபவை), அவற்றுக்கென நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர், டிக்கியில் தனி மோனோ ஆம்ப்ளிஃபயருடன் 10 அங்குல சப்வூஃபர் என எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். டேஷ்போர்டில் உள்ள பிளேயரான ஹெட் யூனிட்டும் புதியதுதான். ஆனால் பழைய அமைப்பில் இல்லாத மூன்று குறைகள் இப்போது வந்திருக்கின்றன.

முதலாவது, இன்ஜின் ஓடும்போது ஊளையிடுவது போன்ற ஒரு சத்தம் கதவு ஸ்பீக்கர்களில் கேட்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதன் சுருதி ஏறுகிறது, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் அதே அளவில் நிற்கிறது. இரண்டாவது, சப்வூஃபரை அணைத்துவிட்டுக் கேட்டால் கதவுகளிலிருந்து பேஸ் பழைய ஸ்பீக்கர்களைவிடக் குறைவாக வருகிறது. ஆனால் பேலன்ஸை முழுவதும் ஒரு பக்கம் தள்ளினால் அந்தப் பக்கத்தில் பேஸ் நன்றாகவே இருக்கிறது. மூன்றாவது, வால்யூம் 40-இல் 30-ஐத் தாண்டியதும் பாடகரின் 'ஸ', 'ச' ஒலிகள் காதைக் குத்துகின்றன.

பொருத்திக் கொடுத்தவர் நாய்ஸ் ஃபில்டர் ஒன்று போட்டால் சரியாகிவிடும் என்கிறார். இன்னொருவர் ஸ்பீக்கரையே மாற்றச் சொல்கிறார். மேலும் செலவு செய்வதற்கு முன் காரணத்தை அறிந்துகொள்ள விரும்புகிறேன்.

மின்கம்பி:
மூன்றையும் ஒரே நோயாக எண்ணிவிடாதீர்கள். அவை மூன்று தனித்தனிக் கோளாறுகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நான் இரைச்சலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இன்ஜின் வேகத்தோடு சுருதி ஏறுவதால் அதன் மூலம் ஆல்டர்னேட்டர், அதாவது இன்ஜின் சுழற்றும் ஜெனரேட்டர். வால்யூமைக் குறைத்தாலும் குறையவில்லை என்பதால், வால்யூம் கட்டுப்பாட்டுக்குப் பிந்தைய ஏதோ ஓரிடத்தில் அது உள்ளே நுழைகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஆர்சிஏ கேபிளில் (ஹெட் யூனிட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குச் சிக்னல் கொண்டுபோகும் கேபிள்) வரும் ஒரு பழைய பிளக்கின் நடுமுனையையும் வெளிவளையத்தையும் ஒன்றாகப் பற்றவைத்து, சேனலுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். சிஸ்டத்தை முழுவதும் அணைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரில் உள்ள ஆர்சிஏ கேபிள்களைக் கழற்றி அந்த இடத்தில் இந்தப் பிளக்குகளைச் செருகிய பின் இன்ஜினை ஓடவிட்டுக் கேளுங்கள். அப்போதும் சத்தம் வந்தால் கோளாறு ஆம்ப்ளிஃபயரில் அல்லது அதன் பவர், எர்த் (கார் பாடியோடு சேரும் நெகட்டிவ்) இணைப்புகளில் இருக்கிறது. சத்தம் நின்றுவிட்டால் கேபிளை மீண்டும் ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, அதன் மறுமுனையை ஹெட் யூனிட்டிலிருந்து கழற்றி அங்கே ஷார்ட் செய்து பாருங்கள். இப்போது சத்தம் இருந்தால் ஆர்சிஏ கேபிள் பவர் கேபிளை ஒட்டிப் போகிறதா என்று பார்க்க வேண்டும். இப்போதும் சத்தம் இல்லையென்றால் ஹெட் யூனிட்டின் எர்த்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சிஸ்டம் ஓடும்போது ஆர்சிஏவைப் பிடுங்குவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். சில ஹெட் யூனிட்களில் ஆர்சிஏ வெளிவளையத்தை எர்த்தோடு இணைக்கும் மிக மெல்லிய பாதை இதனாலேயே எரிந்துபோகிறது. அதன் பிறகு வரும் இரைச்சலும் இப்போது நீங்கள் கேட்பதைப் போலவே இருக்கும்.

ஆம்ப்ளிஃபயரின் எர்த்தையும் சோதித்துவிடுங்கள். பெயின்ட்டை முழுவதும் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் போல்ட் போட்டு முடுக்கியிருக்க வேண்டும். சீட் பெல்ட் போல்ட்டை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. பாட்டைச் சத்தமாக வைத்து, பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனைக்கும் இடையே டிசி வோல்ட்டை அளந்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. ஃபில்டரைப் பற்றி யோசிப்பதெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான். ஆர்சிஏ வழியில் போடும் ஐசொலேட்டர் எனும் மலிவான ஃபில்டர்கள் இரைச்சலோடு ஆழமான பேஸையும் சேர்த்தே தின்றுவிடும்.

நான்கு ஓம்:
பேலன்ஸைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரியிலேயே இரண்டாவது கேள்விக்கான பதில் இருக்கிறது. இரு கதவுகளும் சேர்ந்து பாடும்போது பேஸ் காணாமல் போய், ஒரு கதவு மட்டும் பாடும்போது திரும்பி வருகிறது என்றால், ஏதோ ஒரு கதவில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது என்றே பொருள். ஒரு ஸ்பீக்கரின் கோன் (முன்னும் பின்னும் அதிரும் கூம்பு) வெளியே தள்ளும் அதே நேரத்தில் மற்றொன்று உள்ளே இழுப்பதால் தாழ்ந்த அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

இதைச் சோதிக்க 1.5 வோல்ட் பென்சில் பாட்டரி போதும். ஆம்ப்ளிஃபயர் பக்கத்து வயர்களைக் கழற்றிவிட்டு, வூஃபரின் பிளஸ் முனையில் பாட்டரியின் பிளஸ்ஸையும், மைனஸில் மைனஸையும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். கோன் வெளிப்புறம் நகர வேண்டும். பிறகு அதே சோதனையை ஆம்ப்ளிஃபயர் முனையில் உள்ள வயர்களிலிருந்து செய்தால், நடுவில் எங்கே மாறியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். ட்வீட்டரில் இதைச் செய்ய வேண்டாம்.

கதவின் உள்தகட்டில் உள்ள பெரிய ஓட்டைகளையும் கவனியுங்கள். ஸ்பீக்கரின் பின்புற ஒலி அவற்றின் வழியே கசிந்து முன்புற ஒலியோடு மோதினால், எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கரும் மெலிந்துதான் ஒலிக்கும். அவற்றைத் தகட்டாலும் ப்யூட்டைல் என்ற ஒட்டும் ரப்பர் ஷீட்டாலும் அடைப்பது ஸ்பீக்கரை மாற்றுவதைவிடப் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

ஒலிப்பிரியன்:
இருவருக்கும் நன்றி. ஆம்ப்ளிஃபயர் முனையில் ஷார்ட் செய்தபோது இரைச்சல் நின்றது. ஹெட் யூனிட் முனையில் செய்தபோதும் நின்றது. ஹெட் யூனிட்டின் எர்த் வயர் டேஷ்போர்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் பிராக்கெட்டின் மேல் போடப்பட்ட ஸ்குருவில் பெயருக்குச் சுற்றப்பட்டிருந்தது. அதை பாடியில் நேராகப் பொருத்தியதும் சத்தம் மறைந்துவிட்டது. வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் இடது கதவின் கிராஸ்ஓவர் பெட்டியில் வூஃபர் வயர்கள் மாறியிருந்தன. மாற்றியதும் பேஸ் வந்தது மட்டுமல்லாமல், பாடகரின் குரலும் டேஷ்போர்டின் நடுவிலிருந்து வருவது போல் குவிந்துவிட்டது. காதைக் குத்தும் ஒலி மட்டும் அப்படியே இருக்கிறது.

மின்கம்பி:
அதற்கு கெயினைப் பாருங்கள். கெயின் என்பது வால்யூம் அல்ல. ஹெட் யூனிட் தரும் சிக்னலின் வோல்ட்டேஜுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தும் ஒரு திருகு மட்டுமே. அதை அதிகமாக வைத்தால் சக்தி அதிகரிக்காது, அலையின் உச்சி வெட்டுப்படுவதுதான் சீக்கிரமே தொடங்கும். அப்படி வெட்டுப்படும்போது உருவாகும் கூடுதல் உயர் அதிர்வெண்களைத்தான் ட்வீட்டர் உங்கள் காதில் குத்துகிறது.

ஈக்வலைசரைச் சமமாக்கி, பேஸ் பூஸ்ட், லௌட்னஸ் இரண்டையும் அணைத்து, கெயினைக் கடைசி வரை குறைத்துவிட்டு, ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள். ஹெட் யூனிட்டை 30-இல் வைத்து, 0 டெசிபல் அளவில் பதிவான 1,000 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் ஏசி வோல்ட்டை அளந்தபடி கெயினை மெதுவாக ஏற்றுங்கள். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நிறுத்த வேண்டிய அளவு கிடைக்கும்: சேனலுக்கு 75 வாட், 4 ஓம் என்றால் 17.3 வோல்ட். சப்வூஃபருக்கு இதையே 50 ஹெர்ட்ஸில் செய்யலாம். மலிவான மல்டிமீட்டர்கள் 1,000 ஹெர்ட்ஸில் தவறாகக் காட்டக்கூடும் என்பதால், ஆசிலோஸ்கோப் வைத்திருப்பவர் யாராவது தெரிந்தால் அலையைக் கண்ணால் பார்த்தே நிறுத்துவது மேல்.

நான்கு ஓம்:
கதவு சேனல்களின் ஹை பாஸ் ஃபில்டரை (வைத்த அளவுக்குக் கீழான பேஸைத் தடுப்பது) 80 ஹெர்ட்ஸில் வைக்கவும் மறந்துவிடாதீர்கள். ஹெட் யூனிட், ஆம்ப்ளிஃபயர் இரண்டிலும் ஒரே நேரத்தில் போடாமல் ஓரிடத்தில் மட்டும் போடுங்கள். கெயினைச் சரிசெய்த பிறகும் கொஞ்சம் கூர்மை மிஞ்சினால், கிராஸ்ஓவர் பெட்டியைத் திறந்து பாருங்கள். பலவற்றில் ட்வீட்டரை 3 டெசிபல் குறைக்கும் ஜம்பர் (இடம் மாற்றிச் செருகும் சிறு இணைப்பு) ஒன்று இருக்கும்.